சிவப்புக் கம்பி

எலி கடித்துவிட்டது என்று பூபதி சொன்னான். அவன் மனைவி மௌனிகா மேசைக்கடியில் குனிந்து மானிட்டர் ஒயரை இழுத்துப் பார்த்தாள். எலியாக இருந்தால் ரப்பர் துணுக்குத் துணுக்காக உதிர்ந்திருக்கும். இது ஒரே வெட்டு. மோட்டார் காயில் கம்பி நறுக்கும் கட்டர் வைத்தால்தான் இத்தனை சுத்தமாக வரும்.

நீங்கள்தானே என்று கேட்டால் இல்லை என்பான். அப்புறம் அந்தப் பொய்யைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இருவரும் சாப்பிட உட்கார வேண்டும். அவள் கேட்கவில்லை.

அன்று புதன்கிழமை. சனிக்கிழமை பதினோரு மணிக்கு அவளுக்கு ஆன்லைன் பரீட்சை. சரவணம்பட்டிக் கம்பெனி ஒன்றில் மருத்துவ அறிக்கைகளைப் படித்துப் பிழை திருத்தும் வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம். மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மூன்று மாதமாகப் பழகியிருந்தாள். பூபதி ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை. "உனக்கெதுக்கு அம்மணி இந்தத் தலவலி" என்று சிரிப்பான், அவ்வளவுதான்.

பழைய மானிட்டர். ஒயர் அதன் உடம்போடு சேர்ந்தது. கழற்றி வேறு மாட்ட முடியாது, ஒட்டித்தான் ஆகவேண்டும். கணபதி ஏரியாவில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவனுக்கு அது ஒரு வேலையா?

"ஏனுங்க, இதைக் கொஞ்சம் பத்தவெச்சுக் குடுங்களேன்."

"தலமுடியாட்ட மெல்லிசா இருக்குது அம்மணி. நம்ம கம்பி வேற, இது வேற. எனக்குப் புடிபடாது."

வியாழக்கிழமை அவன் பட்டறைக்குப் போனதும், பரண்மேல் கிடந்த சால்டரிங் அயர்னை அவளே இறக்கினாள். கல்யாணமான புதிதில் பட்டறையில் அவனுக்கு உதவியாக இருந்தவள்தான். ஒயரின் தோலைச் சீவினால் உள்ளே பன்னிரண்டு கம்பிகள். நிறத்துக்கு நிறம் சேர்த்து, ஈயம் வைத்து, ஒவ்வொன்றுக்கும் டேப் சுற்றினாள். விரல் இரண்டு இடத்தில் பொத்துப்போனது. சிவப்புக் கம்பி மட்டும் அடங்கவில்லை. சூடு பட்டதும் உள்தோல் உருகி, மேலே சுற்றியிருந்த வலைக்கம்பியில் ஒட்டிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரை ஒளிர்ந்தது. வெள்ளையாக இருக்கவேண்டியதெல்லாம் நீலப்பச்சையாக இருந்தது.

பூபதி வாசலில் நின்றே பார்த்தான். "செவப்பு வரல. உள்ள எங்கியோ தொட்டுட்டிருக்குது."

"தெரியுதுல்லீங்க, பாத்துக் குடுங்க. நாளைக்குப் பரீட்சை."

"காத்தால பாக்கலாம்" என்று குளிக்கப் போனான். காலையில் ஏழு மணிக்கெல்லாம் பட்டறைக்குக் கிளம்பிவிட்டான்.

பதினோரு மணிக்குப் பரீட்சை திறந்தது. நாற்பது அறிக்கைகள். சிவப்பில் உள்ள வரிகளை மட்டும் திருத்தவும், மற்றதைத் தொட்டால் மதிப்பெண் குறையும் என்றிருந்தது. எல்லா வரிகளும் கறுப்பாகவே தெரிந்தன. அதே கம்பெனியில் வேலை பார்க்கும் தோழி ஃபஹீமாவுக்குப் போன் போட்டாள்.

"ஃபஹீமா, எனக்கு எதுவுமே செவப்பா தெரியலடி."

"நல்லாப் பாரு மௌனி, பளிச்சுனு இருக்குமே."

"எங்க ஸ்க்ரீன்ல செவப்பே இல்லடி."

"அப்ப குத்துமதிப்பா போடு, என்ன பண்றது" என்றாள் ஃபஹீமா.

ஒவ்வொரு அறிக்கையிலும் பிழை எங்கே என்று மௌனிகாவுக்குத் தெரிந்தது. ஆனால் அவர்கள் கேட்ட பிழை எது என்று தெரியவில்லை. ஒருமணி நேரம் கண்ணில் நீர் கட்டும்வரை உற்றுப் பார்த்து அடித்தாள். நேரம் முடிந்ததும் முடிவும் உடனே வந்தது. தேறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு பூபதி, "எப்படி ஆச்சு?" என்றான்.

"ஆவுலீங்க."

அவன் தலையாட்டினான். பிறகு தானே எழுந்துபோய் அயர்னைச் சூடேற்றினான். மேசைக்கடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவள் சுற்றிய டேப்பைப் பிரித்து, சிவப்புக் கம்பியை வலையிலிருந்து பிரித்தெடுத்து, மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி ஒட்டினான். ஒரு தடவைகூடக் கை நடுங்கவில்லை. கால்மணி நேரம்தான். திரையில் எல்லா நிறமும் வந்தது.

"பாப்பா இனி பொம்மப்படம் பாக்கட்டும்" என்றான், உண்மையான சந்தோஷத்தோடு.

"அடுத்த வருஷம் மறுபடி எழுதலாமாங்க" என்றாள் மௌனிகா.

"எழுதலாம் அம்மணி. அப்ப பாத்துக்கலாம்."

கட்டரைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு கைகழுவப் போனான். அவள் கேட்டதற்கெல்லாம் அந்த வீட்டில் எட்டு வருடமாக அவன் சொல்லிவந்த பதில் அந்தப் 'பாத்துக்கலாம்'தான்.