மோதினால் நேரம் கூடும்

மரகதத்தின் புருஷன் அண்ணாதுரை கடைக்குள் நுழைந்தபோது, இசக்கிசெல்வியின் சிவப்பு வண்டி ஒரு கிழவியின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில் அலறல் கேட்டது. திரையின் மூலையில் நேரம் கூடியது. அவள் அவசரமாக ஆட்டத்தை மூடினாள். அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

படப்பை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே லீலா அக்கா நடத்தும் பிரவுசிங் சென்டர் அது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெண்களுக்கு மட்டும் என்று அட்டை தொங்கும். கம்பெனி ஹாஸ்டல் பெண்கள் வந்து சாட் செய்வார்கள், முகம் பார்க்காத யாரையோ நினைத்துச் சிரித்துக்கொள்வார்கள். இசக்கிசெல்வி மட்டும் மூலையில் இருக்கும் கம்ப்யூட்டரில் வண்டி ஓட்டுவாள். செல்போன் கம்பெனியில் அவளுக்கு பட்டன் சோதிக்கும் வேலை. பெல்ட்டில் வரும் ஒவ்வொரு போனையும் எடுத்து, எல்லா பட்டனையும் அமுக்கிப் பார்த்து, சரி என்று அடுத்தவள் பக்கம் தள்ள வேண்டும். வாரம் முழுக்க யாருக்கோ போகிற போனை அமுக்கும் விரல்கள், இங்கே வந்த பிறகுதான் அவளுடையவை ஆகும். ஆட்டத்தின் முதல் இடத்தில் அவள் பெயர் இருந்தது. கடைக்கு வரும் பையன்கள் அதைத் தாண்ட முடியாமல் மேஜையைக் குத்துவதாக லீலா அக்கா சொல்லும்போதெல்லாம், பள்ளிக்கூடத்தில்கூட அறியாத ஒரு கர்வம் அவளுக்குள் எழும்.

அப்படி மேஜையைக் குத்தியவர்களில் ஒருவன் வடக்குப்பட்டு வெங்கடேசன். போன வாரம் அவன் பைக்கில் வேகமாக வந்து, பஸ் நிறுத்தத்தில் பூக்கட்டி விற்கும் மரகதத்தின் மேல் ஏற்றிவிட்டான். அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

"இதானா அந்த ஆட்டம்?" என்றார் அண்ணாதுரை. கையில் காலி டிபன் கேரியர் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தார்.

"ஒக்காருண்ணே," என்று லீலா அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள். "அந்தப் பையன் தூக்கமில்லாம டபுள் ஷிப்ட் பாத்துட்டு வந்தான்றாங்க. ஆட்டம் இன்னா பண்ணும்?"

"ஆள அடிச்சா டைம் ஏறுதாமே. எந்த ஊர்ல எவன் குந்திக்கினு இத்த செஞ்சானோ. ஸ்டேஷன்ல அவன் இன்னா சொன்னான் தெரியுமா? 'அந்தம்மா குறுக்க வந்தாங்க, கை தானா போச்சு'ன்றான். தானா போச்சாம்!" அவர் டிபன் கேரியரை மேஜைமேல் வைத்தார். "ஊர்ல பேசியாச்சு லீலா. கடைய மூடிடு."

சாட் செய்துகொண்டிருந்த பெண்களின் தட்டச்சுச் சத்தம் நின்றது. லீலா அக்கா சுற்றிலும் பார்த்துவிட்டு, "தோ, இந்தப் பொண்ணயே கேளு. இவளும்தான் ஆடறா. இவ யார அடிச்சா?" என்றாள்.

அண்ணாதுரை இசக்கிசெல்வியின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. இத்த ஆடிட்டு ரோட்டுக்குப் போனா, ஆள அடிக்கத் தோணுமா?"

இந்தக் கேள்விக்கு அவளிடம் எப்போதும் பதில் உண்டு. வெளிநாடுகளில் இப்படிப்பட்ட ஆட்டங்களைத் தடை செய்யச் சொல்கிறார்கள் என்று இதே கம்ப்யூட்டரில் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, ஹாஸ்டல் அறையில் சண்டை போட்டிருக்கிறாள். சினிமாவில் வெட்டுவதைப் பார்த்தவனெல்லாம் அரிவாளைத் தூக்குகிறானா? ஆட்டம் வேறு, ஆள் வேறு என்பாள். ஆனால் திங்கட்கிழமை நடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கம்பெனி பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஒரகடம் கூட்டுரோட்டில் யாரோ ஓர் அம்மா குடத்தோடு குறுக்கே ஓடினாள். டிரைவர் பிரேக் போட்டார். இசக்கிசெல்வியின் விரல் மட்டும், ஆட்டத்தில் வண்டியை முடுக்கும் பட்டனை அழுத்துவதுபோல், மடியில் அமுங்கியது. பயம் பிறகுதான் வந்தது. அதற்கு முன்னால் வந்தது, நேரம் கூடும்போது வருகிற அந்தச் சின்ன சந்தோஷம்.

இந்தக் கடையும் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை எங்கே போவாள்? ஈரத்துணி தொங்கும் அறை. அங்கே யாரும் எதிலும் முதலிடம் இல்லை.

"தோணாது அண்ணாச்சி," என்றாள்.

"நான் இன்னா மளிகக் கடையா வெச்சினுகீறேன், அண்ணாச்சின்ற?"

ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். அண்ணாதுரைக்குமே உதடு லேசாக விரிந்தது. பல நாள் தூங்காத முகத்தில் அந்தச் சிரிப்பு நிற்க இடமில்லாமல் போயிற்று. அவர் கோபமாகவே இருந்திருந்தால் தேவலை என்று அவளுக்குப் பட்டது.

"சரி, படிச்ச பொண்ணு சொல்ற. கடை இருக்கட்டும், ஊர்ல நான் பேசிக்கிறேன்," என்றார். "அந்த சிடி இருக்கக் கூடாது. என் கண்ணு முன்னால ஒடச்சிடு."

லீலா அக்கா இசக்கிசெல்வியைப் பார்த்தாள். பர்மா பஜாரில் வாங்கிய திருட்டு சிடி அது. கடை திறந்த புதிதில் எல்லா கம்ப்யூட்டரிலும் ஏற்றியதோடு அதன் வேலை முடிந்துவிட்டது. அதற்கப்புறம் மேஜை இழுப்பறையில் சும்மா கிடந்தது. ஆட்டம் சிடியில் இல்லை என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும், அவரைத் தவிர.

சிடி லேசில் உடையவில்லை. லீலா அக்கா அதை வளைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தியபோது படாரென்று சிதறியது. அண்ணாதுரை குனிந்து, மேஜைக்கடியில் பளபளத்த துண்டுகளையெல்லாம் பொறுக்கினார். காலி டிபன் கேரியரின் மேல்தட்டில் போட்டு மூடினார்.

"மரகதத்தாண்ட காட்டணும்," என்றார். "தைரியமா இருக்கும் அதுக்கு."

அவர் போனதும் இசக்கிசெல்வி கேட்டாள். "அக்கா, அவுககிட்ட சொல்லிருக்கலாம்லா?"

"இன்னா சொல்றது? நீ இன்னா சொன்ன?" லீலா அக்கா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "சவுண்ட கொறச்சிக்கினு ஆடு, போ."

ஆட்டத்தை எப்படி அழிப்பது என்று இசக்கிசெல்விக்குத் தெரியும். ஒவ்வொரு கம்ப்யூட்டராக உட்கார்ந்தால் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். அவள் பெயரும் அதோடு போய்விடும். அவள் அழிக்கவில்லை. சத்தத்தை அணைத்துவிட்டுத் திறந்தாள். யாரையும் இடிக்காமல் ஓட்டிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. தன் விரல் தன் பேச்சைக் கேட்கிறதா என்று தெரிந்தாக வேண்டும்.

கேட்டது. தெருவோரம் நடப்பவர்களைத் தவிர்த்து ஒதுங்கி ஒதுங்கி ஓட்டினாள். ஆனால் நேரம் குறைந்துகொண்டே போனது. நன்றாக ஓட்டுவதற்கு இந்த ஆட்டத்தில் எதுவும் கிடைக்காது என்பதை, முதலிடத்தில் இருந்தவள் இப்போதுதான் பார்த்தாள். யாரோ அப்படித்தான் முடிவு செய்திருக்கிறார்கள். எங்கேயோ ஒரு கம்பெனியில், அவளைப் போல ஒருத்தி உட்கார்ந்து கிழவி சரியாக விழுகிறாளா, சரியாகக் கத்துகிறாளா என்று திரும்பத் திரும்ப இடித்துப் பார்த்து, சரி என்று அடுத்தவள் பக்கம் தள்ளியிருப்பாள். அவளுடைய விரல் வீட்டுக்குப் போகும் வழியில் என்ன செய்ததோ.

திருப்பத்தில் அதே கிழவி குறுக்கே வந்தாள். இசக்கிசெல்வி பிரேக் போட்டாள். வண்டி நின்றது. கிழவி கடந்து போவாள் என்று காத்திருந்தாள்.

கிழவி போகவில்லை. நிற்கிற வண்டியைச் சுற்றிப் போக அவளுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. பம்பரில் முட்டிக்கொண்டு, கால்கள் நடக்க நடக்க, நின்ற இடத்திலேயே இருந்தாள். மூலையில் நேரம் சிவப்பாகி மினுக்கத் தொடங்கியது. இசக்கிசெல்வியின் விரல் பட்டனின் மேல் இருந்தது. சத்தம் இல்லாத திரையில் கிழவி முகம் திருப்பாமல் நடந்துகொண்டே இருந்தாள்.