பதினொருவர் ஒட்டிய பச்சைப் பொட்டு

வெர்னல் ஹாஸ்கெல் இருபத்தாறு வருஷமாகப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்த ரகசியத்துக்கு, மெய்ன் மாநிலத் தலைநகரிலிருந்து வந்த கடல்காற்றுத் திட்டப் பிரிவு போட்ட விலை ஐம்பது டாலர். அதுவும் ரொக்கம் இல்லை. ஒரே ஒரு பல்பொருள் கடையில் மட்டும் செல்லுபடியாகும் அட்டை. ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், பீரும் சிகரெட்டும் வாங்கக் கூடாது.

ரகசியம் என்பது ஒரு பார். டிபெட்ஸ் துறையிலிருந்து பதினோரு மைல் வெளியே, நாற்பது பாகம், அதாவது இருநூற்று நாற்பது அடி ஆழத்தில், சுற்றிலும் சேறாகக் கிடக்கும் கடலடியில் ஒரு கல்மேடு. நங்கூரம் மாட்டிக்கொண்ட ஒரு நாளில் தற்செயலாக அவனுக்குக் கிடைத்தது. மனசுக்குள் அதற்கு ‘அலமாரி’ என்று பெயர் வைத்திருந்தான். இலையுதிர் காலத்தில் சிங்கி இறால்கள் கரையை விட்டு ஆழத்துக்கு நகரும்போது அலமாரியில் வந்து அடையும். வெர்னலின் வருஷ வருமானத்தில் பாதி அந்த ஆறு வாரத்தில்தான். கடல் வரைபடத்தில் அந்த இடம் வெறும் சேறு என்று போட்டிருந்ததால் வேறு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அவனும் எல்லோர் கண்ணிலும் படும்படி தெற்கே போய், முனை மறைந்ததும் கிழக்கே திருப்புவான். சுற்றிப் போவதில் எரியும் டீசலைக் காப்பீட்டுத் தவணையாக நினைத்துக்கொள்வான். இறால் பிடிக்கும் கூண்டு கயிற்றுக்கு இருபது, கயிற்றுக்கு ஒரே மிதவை. யாராவது மிதவையைக் கண்டு கேட்டால், வீட்டில் கூண்டு அடுக்க இடமில்லை, கடலில் போட்டு வைத்திருக்கிறேன் என்பான்.

மார்ச் மாதத்தில், காற்று அடித்து யாரும் கடலுக்குப் போக முடியாத ஒரு காலையில், தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் திட்டப் பிரிவு கூட்டம் போட்டது. தீயணைப்பு வண்டியை மழையில் நிறுத்திவிட்டு, அது நின்ற இடத்தில் மேசையைப் போட்டார்கள். மூன்று பேர் வந்திருந்தார்கள். மூவருக்கும் ஒரே மாதிரி புது மேலங்கி, நெஞ்சில் அலையும் காற்றும் தையல் போட்ட முத்திரை. கடல் எந்தப் பக்கம் என்று வாசலில் கேட்டவர்தான் தலைமை அதிகாரி, மெரிடித் கோய்ல்.

மேசையில் வரைபடம். பக்கத்தில் பச்சை நிற ஒட்டுப் பொட்டுகள் கட்டுக் கட்டாக. அம்மையார் விளக்கினார். மாநிலம் கடலில் மிதக்கும் காற்றாலைகள் பன்னிரண்டை நிறுத்தப் போகிறது. ஒவ்வொன்றையும் பிடித்து வைக்க மூன்று சங்கிலி, மூன்று நங்கூரம். அந்த வட்டாரத்தில் கூண்டு போட முடியாது. ஆகவே நீங்கள் எங்கெங்கே பிடிக்கிறீர்களோ அங்கே பொட்டு ஒட்டுங்கள். பொட்டு இருக்கும் இடத்தை மாநிலம் தொடாது. ஒட்டியவர்களுக்கு ஆளுக்கு ஓர் அட்டை.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் சந்தையில் பதினோரு வியாபாரிகளை ஒரே மேசையைச் சுற்றி நிற்கவைத்து, அவரவர் கொள்முதல் விலையை உரக்கச் சொல்லுங்கள், உங்கள் நன்மைக்குத்தான் என்று கேட்டால் எப்படியோ, அப்படித்தான் இதுவும். துறையில் பதினோரு படகு. பதினோரு பேரும் வந்திருந்தார்கள். வரைபடத்தை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் அடுத்தவன் விரலைப் பார்த்தார்கள்.

கால் மணி நேரம் காபி குடித்துத் தள்ளிய பிறகு, வெர்னலின் மைத்துனன் எல்டன் முதலில் போனான். எண்ணெய்க் கப்பல்கள் போகிற தடத்தில், ஒரு கூண்டு போட்டால் ஒரு மணி நேரத்தில் நாசமாகிவிடும் இடத்தில், எட்டுப் பொட்டை வரிசையாக ஒட்டினான். மெர்ல் பீல் என்பவன் சாக்கடைக் குழாய் வாயில் ஆறு ஒட்டினான். வெர்னல் சேற்று வளைகுடாவில் பத்து ஒட்டினான். பதினோரு பேரும் ஒட்டி முடித்தபோது, டிபெட்ஸ் துறை பரம்பரை பரம்பரையாக சேற்றிலும் சாக்கடையிலும் கப்பல் தடத்திலும் பிழைத்து வந்த துறை என்று வரைபடம் சத்தியம் செய்தது. ஒரு பொட்டு கரையில், பாப்டிஸ்ட் கல்லறைத் தோட்டத்தின் மேல் இருந்தது. அது யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை.

“என்ன மச்சான், இத்தன வருஷமும் சேத்துலயா பொழப்ப ஓட்டுன?” என்றான் எல்டன்.

“நீ கப்பலுக்கு அடியில ஓட்டும்போது எனக்குச் சேறு போதாதா?” என்றான் வெர்னல்.

கோய்ல் அம்மையாருக்குக் கண்ணில் நீர் வராத குறை. இவ்வளவு மனம் திறந்து பேசும் மீனவர்களை வேறு எந்தத் துறையிலும் பார்த்ததில்லை என்றார். எண்பத்து மூன்று பொட்டுகளைப் படம் எடுத்துக்கொண்டு, டோனட் பெட்டியில் மிஞ்சியதையும் எடுத்துக்கொண்டு போனார்கள். வெர்னல் தன் அட்டையில் ஒரு பன்றித் தொடை வாங்கினான்.

ஆகஸ்டில் அறிக்கை வந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். முன்னட்டையில் ஒரு குழந்தை காகிதக் காற்றாடியோடு கடற்கரையில் ஓடியது. பின்னால் தென்னை மரம். பனி கொட்டும் மெய்ன் கரையில் தென்னை எங்கே முளைத்தது என்று தலைநகரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. உள்ளே, மீனவச் சமூகத்துடன் நடத்திய ஆழ்ந்த கலந்தாய்வின் அடிப்படையில் என்று ஒவ்வொரு பக்கத்திலும் எழுதியிருந்தது. கல்லறைப் பொட்டைக்கூட விடவில்லை, கரையோரப் பயன்பாடு என்று தனி அத்தியாயம் போட்டிருந்தார்கள். கடைசியில் ஒரு நீலக் கட்டம். ஒரு பொட்டுகூட விழாத இடமாகப் பார்த்துப் பார்த்து மாநிலம் தேர்ந்தெடுத்த இடம் அது. பன்னிரண்டு காற்றாலைக்கும் அதுவே பொருத்தம். கட்டத்தின் நட்டநடுவில் அலமாரி.

கூட்டுறவுத் துறைமேடையில், இரை மீன் பீப்பாயின் மேல் அறிக்கையை விரித்து வைத்து மற்ற பத்துப் பேரும் படித்தார்கள். பத்துப் பேர் முகத்திலும் நிம்மதி.

“தொலையட்டும். அங்க சேத்தைத் தவிர என்ன இருக்கு? இல்லையா மச்சான்?” என்றான் எல்டன்.

“சேறுதான்,” என்றான் வெர்னல்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவனுக்கு ஒரு நாள் உழைப்பு செலவானது. கோபப்படவும் வழியில்லை. சேற்றுக்காக எவன் கோபப்படுவான்? படகுக் கடன் இன்னும் ஏழு வருஷம் பாக்கி. அலமாரி போனால் படகும் போகும்.

மறுநாள் தன் வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தலைநகருக்குத் தொலைபேசினான். அங்கே ஒரு பார் இருக்கிறது, உங்கள் காதோடு வைத்துக்கொண்டு கட்டத்தைக் கொஞ்சம் தள்ளுங்கள் என்று கெஞ்சினான். அம்மையார் குழைந்தார். ஆனால் வெளிப்படைத்தன்மை என்று ஒன்று இருக்கிறதாம். தகவல் எதையும் ரகசியமாக வாங்கினால் திட்டத்தின் நம்பகம் கெட்டுவிடுமாம். திருத்தம் வேண்டுமென்றால் செப்டம்பரில் பொதுக் கூட்டம், அங்கே படகின் ஜிபிஎஸ் பதிவோடு வந்து எல்லோர் முன்னிலையிலும் காட்டலாமாம்.

“எல்லாரும்னா யாரெல்லாம் மேடம்?”

“உங்க சக மீனவர்கள்தான் மிஸ்டர் ஹாஸ்கெல். அவங்க உங்களுக்கு ஆதரவா இருப்பாங்க.”

இப்படி ஒரு வாக்கியத்தைச் சிரிக்காமல் சொல்ல ஒருவருக்கு மாநிலம் சம்பளம் கொடுக்கிறது.

வேறு வழியில்லாமல் அன்று சாப்பாட்டு மேசையில் பெண்டாட்டி நேடீனிடம் அலமாரியைப் பற்றிச் சொன்னான். அவள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதைக்கூட நிறுத்தவில்லை.

“இருபத்தாறு வருஷமா டீசல் பில்லு கட்டுறவ நான். சேத்துக்குப் போய்வர அவ்வளவு எண்ணெய் ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா வெர்னல்? நீயா சொல்றியான்னு பாத்துட்டு இருந்தேன்.”

“இப்ப என்ன செய்யச் சொல்ற?”

“போய்க் காட்டு. காத்தாலைக்காரன் எடுத்தா மொத்தமும் போச்சு. நம்மாளுக எடுத்தா பாதியாவது மிஞ்சும்.”

“நம்மாளுகள உனக்குத் தெரியாது.”

“எல்டன் என் கூடப் பொறந்தவன். எனக்கா தெரியாது? அதனாலதான் பாதின்னேன்.”

செப்டம்பர் கூட்டம் அதே கூடத்தில். வெர்னல் படகிலிருந்து ஜிபிஎஸ் திரைக்கருவியைக் கழற்றி, தலைப்பிள்ளையைத் தூக்கி வருவதுபோல் இரு கையாலும் தூக்கி வந்தான். அதைச் சுவரில் பெரிதாகக் காட்டினார்கள். கருவி வாங்கியதிலிருந்து பதினான்கு வருஷப் போக்குவரத்தும் கறுப்புக் கோடாக விழுந்தது. எல்லாக் கோடும் தெற்கே போய், முனை தாண்டிக் கிழக்கே திரும்பி, ஒரே இடத்தில் போய்ப் பறவைக் கூடுபோலப் பின்னிக்கொண்டு கிடந்தன. வெர்னல் விளக்கம் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. மூலையில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கட்டைவிரல் தடிமனுக்குத் தெரிந்தன.

மார்ச்சில் ஒருவரும் வரைபடத்தைப் பார்க்கவில்லை அல்லவா, இப்போது எல்லோரும் பார்த்தார்கள். மெர்ல் உள்ளங்கையில் எழுதினான். எல்டன் சிகரெட் பெட்டியில் எழுதினான். பேனா இல்லாத ஒருவன் அதிகாரியிடமே கேட்டு வாங்கி எழுதினான். சமூகம் இவ்வளவு ஆர்வமாகக் குறிப்பெடுப்பது தன்னை நெகிழவைக்கிறது என்றார் அம்மையார். கட்டம் இரண்டு மைல் தெற்கே நகர்ந்தது. சேறு, நிஜமான சேறு. மிஞ்சிய பத்துப் பேரில் ஒருவனாவது எழுந்து தன் உண்மையான இடத்தைக் காட்டினானா என்றால் இல்லை. நீலக் கட்டம் அவர்கள் தலையில் விழவில்லையே.

கழற்றிய கருவியைப் படகில் திரும்பப் பொருத்த இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் காலையில் வெர்னல் சுற்றி வளைக்காமல் நேரே அலமாரிக்குப் போனான். இனி யாருக்காகச் சுற்றுவது? அவனுடைய பத்து மிதவைகளைச் சுற்றி நாற்பத்து மூன்று மிதவைகள், சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாக ஆடிக்கொண்டிருந்தன.

அடுத்தவன் இடத்தில் கூண்டு போட்டவனிடம் போய் வாய்ச்சண்டை போடும் வழக்கம் அந்தக் கரையில் இல்லை. அவன் மிதவைக் கம்பில் கயிற்றை இரண்டு முடிச்சுப் போட்டு விட்டுவிடுவார்கள். முடிச்சைக் கண்டவன் கூண்டை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். போகாவிட்டால் அடுத்த தடவை கயிறு இருக்காது. வெர்னல் அரை நாள் உட்கார்ந்து நாற்பத்து மூன்றிலும் முடிச்சுப் போட்டான். விரல் தோல் உரிந்தது.

வியாழக்கிழமை போய்ப் பார்த்தால் நாற்பத்து மூன்று மிதவையிலும் முடிச்சு அவிழ்ந்திருந்தது. அவனுடைய பத்து மிதவையிலும் இரண்டிரண்டு முடிச்சு இருந்தது.

துறைமேடையில் எல்டனைப் பிடித்தான். என் இடத்தில் எனக்கே முடிச்சா என்று கேட்டான். எல்டன் இரை மீனை அள்ளிக்கொண்டே நிதானமாகப் பதில் சொன்னான்.

“யாரு எடம் மச்சான்? பதினோரு பேரும் சேந்துதான பொட்டு ஒட்டுனோம். உன் பொட்டு எங்க இருக்குன்னு அறிக்கையப் பாரு. சேத்துல இருக்கு. அரசாங்கமே அச்சடிச்சிருக்கு.”

“அது பொய்னு உனக்குத் தெரியும்.”

“எல்லாம் பொய்தான். உன் பொய்ய மட்டும் நீயே எல்லார் முன்னாலயும் செவுத்துல போட்டுக் காட்டிட்ட.”

வெர்னல் கூண்டை எடுக்கவில்லை. மூன்று கயிறு அறுந்தது. அவனும் பதிலுக்கு எத்தனை அறுத்தான் என்று அவனுக்கும் அவன் கத்திக்கும் மட்டும் தெரியும். அறுபது கூண்டு புதிதாக வாங்கிப் போட்டான்.

அக்டோபரில், காற்றாலை கட்ட ஏலம் கேட்டிருந்த கம்பெனி விலகியது. இரும்பு விலை ஏறிவிட்டதாம், வட்டி கட்டுபடியாகவில்லையாம். அதைக் கணக்குப் போட்டுப் பார்க்க அவர்களுக்கு நான்கு வருஷம் ஆகியிருக்கிறது. மாவு வாங்கப் போகிற வீட்டுக்காரிகூட விலையைக் கேட்டுவிட்டுத்தான் பையைத் திறப்பாள். திட்டம் கைவிடப்படவில்லை, பொருத்தமான காலம் வரை நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று மாநிலம் அறிவித்தது. ஆனாலும் உழைப்பு வீணாகவில்லை, மீனவர்களின் அரிய அறிவு திரட்டப்பட்ட வரைபடம் இனி எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும் என்று இணையதளத்தில் ஏற்றினார்கள். அதில் அலமாரிக்குச் சிவப்பு வட்டம் போட்டு, முதன்மை மீன்பிடித் தலம் என்று எழுதியிருந்தது. அதற்கு அடுத்த வாரத்திலிருந்து பக்கத்துத் துறைகளிலிருந்தும் படகுகள் வரத் தொடங்கின. கோய்ல் அம்மையாருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. இப்போது அவர் காடுகளைப் பார்த்துக்கொள்கிறார்.

நவம்பர் முடிவில், சட்டப்படி மாதாமாதம் அனுப்ப வேண்டிய பிடிப்புப் படிவத்தை வெர்னல் சமையலறை மேசையில் வைத்து நிரப்பினான். இருபத்தாறு வருஷமாக ‘இடம்’ என்ற கட்டத்தில் அவன் எழுதி வந்தது சேற்று வளைகுடா. இந்தத் தடவை பொய் சொல்லிக் காப்பாற்ற ஒன்றும் இல்லாததால், அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் சரியாக எழுதினான். நேடீன் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். அதற்குக் கீழே எழுதியது இவ்வளவுதான்:

கூண்டு: இருநூறு. பிடிப்பு: நானூற்றுப் பத்து பவுண்டு. சென்ற வருஷம் இதே மாதம்: மூவாயிரத்து நூறு. தொழிலுக்கு இடையூறாக அருகில் உள்ள காற்றாலைகள்: ஒன்றுமில்லை.