வாஸ்வா பறந்துட்டான்

"இதுக்குப் பேர் வாஸ்வா, அதுக்குப் பேர் காட்டோ," என்றாள் நபுகென்யா.

"எங்க லிரா பக்கம் இரட்டைப் பிள்ளைங்கன்னா ஓப்பியோ, ஓச்சென். ரெண்டாவதா பிறந்தவன் நான். அந்த ரெண்டாவது பெட்டிக்கு என் பேரையே வையேன்," என்றான் ஓச்சென்.

"வெச்சா, அது புட்டுக்கிட்ட அன்னிக்கு ஓச்சென் போயிட்டான்னு நான் மேனேஜர்கிட்ட சொல்லணுமா? வாயைக் கழுவுய்யா."

கம்பாலாவில் காப்பி விவசாயிகள் சங்கத்துக்கு இரண்டு மெயில் சர்வர்கள் வந்திறங்கிய நாளில் பேசிய பேச்சு அது. வாஸ்வா தலைமை அலுவலகத்தில், காட்டோ முக்கோனோ கிடங்கில். ஒன்று படுத்தால் மற்றது தானாக வேலையை எடுத்துக்கொள்ளும்.

இரட்டையரைப் பெற்றவர்கள் என்று அலுவலகமே அவளை நலோங்கோ என்றும் அவனை சலோங்கோ என்றும் கூப்பிட ஆரம்பித்தது. "நலோங்கோ, இவரை எப்பம்மா உங்க அத்தை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறே?" என்று வரவேற்பில் இருக்கும் நம்பீரா சீண்டுவாள். அவள் ஊர் வழக்கத்தில் ஒரு பெண் ஓர் ஆணை அத்தை வீட்டுக்கு அழைத்தால் அது கல்யாணப் பேச்சு. நபுகென்யா சிரித்து மழுப்புவாள். அழைக்க வேண்டும் என்ற எண்ணம் உள்ளேயே கிடந்தது.

சங்கத்தின் காப்பி ஏலத்துக்கு வாங்குபவர்கள் விலையை மெயிலில்தான் அனுப்புவார்கள். இந்த முறை ஏலத்தன்று மெயில் நின்றால், சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையை வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு ஓச்செனை லிரா கிளைக்கு மாற்றப்போவதாக மேனேஜர் சொல்லியிருந்தார்.

ஏலத்தன்று காலை வாஸ்வாவின் மதர்போர்டு கருகியது. காட்டோ சத்தமில்லாமல் பொறுப்பேற்றது, ஒருவருக்கும் தெரியவில்லை. நபுகென்யா மூச்சு விடுவதற்குள் முக்கோனோவிலிருந்து ஓச்செனின் செய்தி வந்தது: "நேத்து புது மெமரி போட்டேனே, வாஸ்வா எப்படி இருக்கான்?"

"வாஸ்வா பறந்துட்டான்," என்று அடித்து அனுப்பினாள்.

கம்பாலாவைச் சுற்றியுள்ள அவளுடைய புகாண்டா பகுதியில் இரட்டையர் இறந்ததாக யாரும் சொல்வதில்லை, பறந்துவிட்டதாகத்தான் சொல்வார்கள். சிறு வயதிலிருந்து கேட்ட வார்த்தை, கை தானாக அடித்தது. வடக்கிலிருந்து வந்த ஓச்செனோ, புது மெமரியில் வாஸ்வா பறக்கிறான் என்று எடுத்துக்கொண்டான். அந்தச் சந்தோஷத்தில், காட்டோவுக்கும் மெமரி மாற்றிவிடலாம் என்று அதை அணைத்தான்.

மெயில் நின்றது.

அவள் போன் போட்டுக் கத்தி, அவன் திறந்த பெட்டியை மூடித் திரும்ப எழுப்புவதற்குள் மேனேஜரே மேசைக்கு வந்துவிட்டார். "ரெண்டு பிள்ளையும் சேர்ந்து தூங்கிட்டாங்களா?"

காட்டோ எழுந்ததும் தடைபட்ட மெயில்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அனுப்பியவர்களின் சர்வர்கள் விடாமல் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்தன. ஏலத்துக்கு வந்த ஒரு விலைப்புள்ளியும் தொலையவில்லை.

"தொலையலை, நல்லது," என்றார் மேனேஜர். "ஆனா நின்னுச்சா இல்லையா?"

"நின்னுச்சு சார். தப்பு என்னோடது."

"யாரோடதா இருந்தா என்ன? மாசம் பிறந்ததும் அவன் லிராவுக்குக் கிளம்பட்டும்."

சாயங்காலம் ஓச்சென் சுட்ட வாழைப்பழப் பொட்டலத்தோடு வந்தான். மாற்றல் செய்தி அவனுக்கு ஏற்கெனவே எட்டியிருந்தது.

"பறந்துட்டான்னா நல்லா ஓடுறான்னு நினைச்சேன்."

"எங்க வீட்டுப் பேச்சை உன்கிட்ட பேசிட்டேன்."

"சரி விடு. போறதுக்குள்ள இன்னும் ஏதாவது சொல்லணும்னா நேரடியா சொல்லிடு. சுத்தி வளைச்சா இந்த வடக்கத்தியானுக்குப் புரியாது."

பொட்டலத்தை அவள் பிரிக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை எங்க அத்தை வீட்டுக்கு வா," என்றாள்.