ஓட்டைக்குக் கையெழுத்து இல்லை

டாக்டர் குணசுந்தரிக்குப் புகழ்ச்சி பிடிக்காது என்று சொன்னால் அது பொய். நன்றாகவே பிடிக்கும். ஆனால் பன்னிரண்டு பேர் ஒரே நாளில், ஒரே வார்த்தையில் புகழ்ந்தால் எப்படிப்பட்டவருக்கும் சந்தேகம் வரும். அவள் மேசைமேல் பன்னிரண்டு தாள்கள் கிடந்தன. பயிற்சி எப்படி? மிக நன்று. சொல்லிக்கொடுப்பவர்கள் எப்படி? மிக நன்று. விடுதிச் சாப்பாடு? அதுவும் மிக நன்றாம். அந்தச் சாம்பாரைத் தானும் சாப்பிட்டிருந்ததால், மற்ற பதில்களும் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஆரணியில் பட்டு வியாபாரிகள் சேர்ந்து கட்டிய தர்ம ஆஸ்பத்திரி அது. குணசுந்தரிதான் பிரசவ வார்டுக்குத் தலைவி. கல்லூரியிலிருந்து வருஷத்துக்குப் பன்னிரண்டு ஹவுஸ் சர்ஜன்கள் பயிற்சிக்கு வருவார்கள். அவர்களுடைய பயிற்சிக்கும் அவளே பொறுப்பு. வருஷம் ஒருமுறை கேள்வித்தாள் கொடுத்து, கற்கிறவர்களிடம் ஒரு கணக்கெடுப்பு, கற்றுக்கொடுக்கிறவர்களிடம் ஒரு கணக்கெடுப்பு என்று ஆரம்பித்துவைத்ததும் அவள்தான். மூன்று வருஷமாக நடக்கிறது. முதல் வருஷம் வந்த ஒரே ஒரு குறையைத் தவிர, மூன்று வருஷமும் மிக நன்று.

1983 பிப்ரவரியில் கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்கள் அறிக்கையில் குறையே இல்லை, சந்தோஷம்; ஆனால் உங்களிடமிருந்து திரும்பி வருகிறவர்களுக்கு, பிரசவமான பிறகு நஞ்சுக்கொடி வராமல் ரத்தம் போனால் கை ஓடமாட்டேன் என்கிறதே, அது ஏன் என்று கேட்டிருந்தார்கள். ஏப்ரல் கடைசியில் பேராசிரியர் அபிதகுசாம்பாள் நேரில் வருவார், பயிற்சியில் எது கோணல், எப்படி நிமிர்த்தினீர்கள் என்று அவரிடம் காட்டவேண்டும், காட்ட முடியாவிட்டால் ஜூனிலிருந்து ஹவுஸ் சர்ஜன்களை அனுப்பப்போவதில்லை. மரியாதையான கடிதம்தான். ஆனால் தேவிகாபுரம், போளூர், செய்யார் என்று நாலு பக்கத்திலிருந்தும் பஸ்ஸிலும் மாட்டுவண்டியிலும் பெண்கள் வருகிற வார்டு அது. அந்தப் பன்னிரண்டு ஜோடிக் கைகள் இல்லையென்றால் பாதி வார்டைப் பூட்டவேண்டியதுதான்.

ஹவுஸ் சர்ஜன்களில் ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறவன் செய்யாரிலிருந்து வந்திருந்த ஜெயச்சந்திரன். அவனைக் கூப்பிட்டு, பெயர் எழுதவேண்டாம் என்று சொல்லித்தானே தாளைக் கொடுத்தேன், பிறகு எதற்குப் பயம் என்று கேட்டாள்.

"பேர் எதுக்குங்க மேடம்? தினம் எங்க கேஸ் ஷீட்டைத்தான படிச்சிகினு இருக்கீங்க. எந்தக் கிறுக்கல் யாருதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். தாள்களைப் புரட்டும்போதே இது இவன், இது இவள் என்று மனசு தானாகச் சொல்லிக்கொண்டுதான் வந்தது. வேறு எந்தத் தொழிலில் இருந்தாலும் இந்தத் தப்பு நடந்திருக்காது. ஒருவர் கையெழுத்தை மற்றவர் நாள் முழுக்கப் படித்து உயிர் காப்பாற்றுகிற இடத்தில், ரகசியமாக எழுதிக் கொடு என்று கேட்ட புத்திசாலி அவள் ஒருத்திதான்.

டிக் அடித்தால் போதும் என்று வைத்தாலும் பிரயோஜனமில்லை. முதல் வருஷம் அதுதான் நடந்தது. யாரோ ஒருவர் 'திட்டு அதிகம்' என்பதற்குப் பச்சை மையில் டிக் அடித்திருந்தார். சூப்பரின்டெண்டென்ட் தசரதன் அறுவை சிகிச்சையில் கெட்டிக்காரர், குரலிலும் அப்படியே. கூட்டத்தில் அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்து, பச்சை மைக்காரர் எழுந்து நிற்கலாமே என்றார். அதற்கப்புறம் யார் வாயைத் திறப்பார்கள்?

விடை வார்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. தருமன் என்று ஒருவர். தறிக்கு டிசைன் அட்டை குத்துகிறவர். சேலைக் கரையில் மயில் வரவேண்டுமா மாங்காய் வரவேண்டுமா என்பதை அந்த அட்டையில் இருக்கிற ஓட்டைகள்தான் தறிக்குச் சொல்லும். அவர் மனைவி செல்லியம்மாளுக்கு முதல் நாள்தான் பெண் குழந்தை பிறந்திருந்தது. கொண்டுபோய்க் கொடுக்கவேண்டிய அட்டைக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு குழந்தையைப் பார்க்கக் காத்திருந்தார். ரவுண்ட்ஸ் முடித்து வெளியே வந்த குணசுந்தரி அந்தக் கட்டைப் பார்த்துவிட்டு நின்றாள். இவ்வளவையும் நீங்கள் ஒருவரே குத்தினீர்களா என்று கேட்டாள். பாதி அவருடையதாம், பாதி அவர் தம்பியுடையதாம். எது யார் குத்தியது என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்றாள்.

தருமனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஓட்டைக்கு ஏதுங்க டாக்டரம்மா கையெழுத்து? யாரு குத்துனாலும் ஒரே ஓட்டைதாங்க."

அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது அவளுக்கு. அதற்குப் பதிலாகக் குழந்தையைத் தானே தூக்கி வந்து அவர் கையில் கொடுத்தாள்.

ஒரே வாரத்தில் பதினெட்டு அட்டைகள் தயார். பன்னிரண்டு ஹவுஸ் சர்ஜன்களுக்கு, குணசுந்தரியையும் சேர்த்து ஆறு சொல்லிக்கொடுக்கும் டாக்டர்களுக்கு. இருபது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 'ஆம்' என்று ஒரு புள்ளி, 'இல்லை' என்று ஒரு புள்ளி. கேள்விகள் ஒன்றுதான், பார்க்கிற பக்கம்தான் வேறு. 'பக்கத்தில் நின்றார்களா' என்று அவர்களுக்கு, 'பக்கத்தில் நின்றீர்களா' என்று இவர்களுக்கு. ஒவ்வொருவராகக் கட்டுப்போடும் அறைக்குள் தனியாகப் போய், தருமன் இரவல் கொடுத்த உளியால் குத்தி, பஞ்சு வைக்கும் டிரம்முக்குள் போட்டுவிட்டு வரவேண்டும். நான் என்ன பட்டுப்புடவையா என்று தசரதன் முணுமுணுத்தார். ஆனாலும் போய்க் குத்திவிட்டு வந்தார். கடிதத்தை அவரும் படித்திருந்தாரே.

படிக்கும் வழியையும் தருமனே சொல்லிக்கொடுத்தார். அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வெளிச்சத்தில் பிடித்தால் போதும். எல்லோரும் ஒரே இடத்தில் குத்தியிருந்தால் அங்கே வெளிச்சம் வரும். ஒருவர் மாற்றிக் குத்தியிருந்தாலும் அடைத்துக்கொள்ளும்.

குணசுந்தரி இதை எல்லோர் முன்னாலும் வைத்தே செய்வது என்று தீர்மானித்தாள். அவளுக்குப் பயம் இல்லை. உண்மையைச் சொன்னால், தசரதனுக்கு என்ன ஆறுதல் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். சார், நீங்கள் திட்டுவது நல்லதற்குத்தான் என்று பிள்ளைகளுக்கும் தெரியும் என்பதாக ஆரம்பிக்கலாம்.

பகல் பன்னிரண்டு மணி. வகுப்பறை ஜன்னலில் வெயில் பளீரென்று இருந்தது. ஹவுஸ் சர்ஜன்களின் பன்னிரண்டு அட்டைகளையும் அடுக்கிப் பிடித்தாள். சாப்பாடு நன்றாக இருக்கிறதா, 'இல்லை'யில் வெளிச்சம். எல்லோரும் சிரித்தார்கள். ஏழாவது கேள்வி: ஒரு காரியத்தை முதல்முறை உங்கள் கையால் செய்தபோது, சொல்லிக்கொடுத்தவர் பக்கத்தில் நின்றாரா? 'இல்லை'யில் வெளிச்சம். டாக்டர்களின் ஆறு அட்டைகளை எடுத்தாள். அதே கேள்வி, 'ஆம்' என்ற இடத்தில் வெளிச்சம். இரண்டு கட்டுகளையும் சேர்த்து வைத்துப் பிடித்தாள். இருட்டு. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

பதினொன்றாவது: உதவி வேண்டும் என்று தெரிந்தும் கூப்பிடத் தயங்கியது உண்டா? உண்டு, பன்னிரண்டு பேருக்கும். பன்னிரண்டாவது: எந்த வார்டில்? இதற்கு மட்டும் நாலு புள்ளிகள் இருந்தன. பொது, அறுவை, பிரசவம், குழந்தை. குணசுந்தரி தசரதனை ஒருமுறை பரிவோடு பார்த்துவிட்டு அட்டையை உயர்த்தினாள்.

வெளிச்சம் வந்தது மூன்றாவது புள்ளியில். பிரசவம்.

அட்டைகளைத் தட்டிச் சரிசெய்துவிட்டு மறுபடி பிடித்தாள். மூன்றாவதேதான். கன்னத்தில் சூடு ஏறுவது அவளுக்கே தெரிந்தது. வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. அவள் ஒருநாளும் யாரையும் திட்டியதில்லை. கூப்பிட்ட குரலுக்கு ஓடாமல் இருந்ததில்லை. சரி, ஏன் என்று யாராவது சொல்லலாமா, வற்புறுத்தவில்லை என்றாள்.

ஜெயச்சந்திரன்தான் எழுந்தான். "நீங்க திட்டவே மாட்டீங்க மேடம். கூப்பிட்டா ஜல்தியா வந்துடுவீங்க. வந்ததும் 'தள்ளுங்க'ன்னு சொல்லி ரெண்டு நிமிஷத்துல எல்லாம் முடிச்சிடுவீங்க. நாங்க வேடிக்கை பார்த்துகினு நிப்போம். பெரிய டாக்டரு திட்டுவாரு, பக்கத்துல நிக்கமாட்டாரு, ஆனா கத்திய எங்க கையிலதான் குடுப்பாரு. அதனால, இன்னொரு நிமிஷம் நாமே பார்க்கலாம், அப்புறம் மேடத்தைக் கூப்பிடலாம்னு தோணிடுதுங்க."

அந்த இன்னொரு நிமிஷத்தில் எவ்வளவு ரத்தம் போகும் என்று அவளுக்குத் தெரியும். கல்லூரிக் கடிதத்தில் இருந்த கேள்விக்கு இதுதான் பதில். நஞ்சுக்கொடியை எடுக்கும்போது கை ஏன் ஓடவில்லை? அந்தக் கைகளை அவள் ஓடவிட்டதே இல்லை. ஆஸ்பத்திரியே மெச்சுகிற தன் வேகத்தை அவளும் மெச்சிக்கொண்டிருந்தாள். வேகமெல்லாம் சரி, அது யாருக்கும் போய்ச் சேரவில்லை.

அவள் இடிந்துபோய் உட்காருகிற ஆள் இல்லை. தெரிந்துவிட்டது, இனி திருத்திவிடலாம் என்று அங்கேயே சொன்னாள். மறுநாளிலிருந்து பிரசவ அறையில் ஒரு விதி. ஹவுஸ் சர்ஜன் கூப்பிட்டால் அவள் வருவாள், பக்கத்திலேயே நிற்பாள், வாயால் சொல்லுவாள். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருக்கும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே முன்னால் வரும். சொல்வது சுலபம். முதல் வாரத்தில் அந்தக் கைகள் ஐந்து தடவை முன்னால் வந்துவிட்டன. இரண்டாவது வாரத்தில் இரண்டு தடவை. தசரதன் எட்டிப்பார்த்து, கயிறு வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார். ஆனால் முதல்முறைக்குப் பக்கத்தில் நிற்பது என்பதை அவரும் மற்ற வார்டுக்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள்.

ஏப்ரல் கடைசியில், பேராசிரியர் அபிதகுசாம்பாள் காரை விட்டு இறங்கும்போதே பிரசவ அறையிலிருந்து மணி அடித்தது. குணசுந்தரி வணக்கம் மட்டும் சொல்லிவிட்டு ஓடினாள். பேராசிரியரும் பின்னாலேயே வந்து கதவருகில் நின்றுகொண்டார்.

தேவிகாபுரத்துப் பெண், சின்னம்மா என்று பெயர். குழந்தை பிறந்து அழுதுகொண்டிருந்தது. நஞ்சுக்கொடி வரவில்லை, ரத்தம் போய்க்கொண்டிருந்தது. ஜெயச்சந்திரன் ஊசி போட்டு, டிரிப் ஏற்றி, ஒரு நிமிஷம்கூடக் காத்திராமல் மணி அடித்திருந்தான்.

"நீயே எடுப்பா. நான் இங்கதான் இருக்கேன்," என்றாள் குணசுந்தரி. கை பின்னால் போயிற்று.

மயக்க மருந்து கொடுத்தார்கள். அவன் நீளக் கையுறையை மாட்டிக்கொண்டான். இடது கையால் வயிற்றைப் பிடி என்றாள், பிடித்தான். வலது கை கொடியைத் தொட்டுக்கொண்டே போகட்டும் என்றாள், போயிற்று. நஞ்சுக்கொடியின் விளிம்பு கைக்குத் தெரிகிறதா? தெரியவில்லை என்றான். அவளாக இருந்தால் இதற்குள் முடித்திருப்பாள். தள்ளுங்க என்ற சொல் தொண்டைவரை வந்துவிட்டது. சின்னம்மாவின் நாடியைச் சொல்லிக்கொண்டிருந்த நர்ஸ் அவளைத் திரும்பிப் பார்த்தாள். நாடி தாங்கும், இன்னும் நேரம் இருக்கிறது. குணசுந்தரி அந்தச் சொல்லை விழுங்கினாள். அவசரப்படாதே, இடப்பக்கம் தேடு என்றாள்.

"கிடைச்சிடுச்சுங்க மேடம்."

முழுசாக வந்தது. கையால் அழுத்திப் பிடித்ததும் கர்ப்பப்பை இறுகியது, ரத்தம் நின்றது. ஜெயச்சந்திரன் தன் கையையே வேறு யாருடையதோ மாதிரி பார்த்துக்கொண்டு நின்றான். குணசுந்தரிக்குக் கண் கலங்கிவிட்டது. தானே செய்த எந்தப் பிரசவத்துக்கும் அவள் இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

அப்புறம் வகுப்பறையில், பேராசிரியர் முதலில் கேட்டது அவள் கையைப் பற்றித்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றீர்களே, ஏன்? குணசுந்தரி அட்டைக்கட்டுகளைக் கொடுத்து, ஜன்னலைக் காட்டினாள். அவர் ஒவ்வொரு கேள்வியாகப் பிடித்துப் பார்த்தார். பன்னிரண்டாவதில் நின்றார்.

"இது உங்க வார்டும்மா."

"என் வார்டுதாங்க. அதான் முதல்ல திருத்த ஆரம்பிச்சேன்."

ஜூனில் பன்னிரண்டு பேருக்குப் பதிலாகப் பதினாலு பேரை அனுப்பினார்கள். அட்டையின் மாதிரி ஒன்றும் வேண்டும் என்று கடிதத்தில் கேட்டிருந்தார்கள். ஜெயச்சந்திரன் போளூரில் வேலைக்குச் சேர்ந்தான்.

அடுத்த பிப்ரவரியில் அதே ஜன்னல், அதே வெயில். பதினாலு புது ஹவுஸ் சர்ஜன்களின் அட்டைகளை அடுக்கி ஏழாவது கேள்வியைப் பிடித்தபோது, 'ஆம்' என்ற இடத்தில் வெளிச்சம் வந்தது. பதினாலு பேரும் பக்கத்தில் ஆள் நின்றது என்கிறார்கள். தசரதன் கை தட்டினார். பிறகு டாக்டர்களின் ஆறு அட்டைகள். அதே கேள்வி. 'ஆம்' என்ற இடம் அடைத்திருந்தது. ஆறு பேரில் யாரோ ஒருவர் 'இல்லை'யில் குத்தியிருக்கிறார்.

தசரதனுக்குப் பொறுக்கவில்லை. "பசங்களே ஆமான்னு சொல்லுறாங்க. நம்மள்ல யாரு அந்தப் புண்ணியவான்?"

ஐப்பசியில் ஒரு மழைநாள், ஒரே சமயத்தில் மூன்று பிரசவம். ஹவுஸ் சர்ஜன்களில் ஒரு சின்னப் பெண் முதல்முறையாக ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுக்கக் கை நீட்டியபோது, அவசரம் ஒன்றும் இல்லாமலே, தள்ளு என்று அவளை ஒதுக்கிவிட்டுத் தானே செய்தது குணசுந்தரிக்கு நினைவிருந்தது. அந்தப் பெண் மறந்திருக்கலாம், அல்லது மன்னித்திருக்கலாம். போன வருஷம் யோசிக்காமல் 'ஆம்' குத்திய அதே உளியை, இந்த வருஷம் கட்டுப்போடும் அறையில் வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றவள் அவள்.

"ஓட்டைக்கு ஏதுங்க சார் கையெழுத்து," என்று சொல்லிவிட்டு, குணசுந்தரி எட்டாவது கேள்விக்குப் போனாள்.