குறைந்த சத்தத்தில் பதிந்தது

வினோதினியின் குரலுக்கு விலை மூன்று பவுன். போட்டவர் அவள் மாமனார் சபாநாயகம்.

பெண் பார்க்கப் போன அன்று அவர் இருபத்தைந்து பவுன் கேட்டார். குடிகாட்டில் தனியாளாக நின்று ஒற்றை மகளை வளர்த்த கொளஞ்சியம்மாள் இருபத்திரண்டுக்கு மேல் ஏறவில்லை.

"எம் பொண்ணு ரேடியோவுல பாடறவ. அதுக்கு ஒண்ணும் கெடையாதா?"

சபாநாயகம் சிதம்பரத்தில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். குண்டானைத் தட்டிப் பார்ப்பது போல ஒரு பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்டார், ஓசை சுத்தம், மூன்று பவுனைக் கழித்துக்கொண்டார். கல்யாணமாகி வந்ததும் அந்தக் குரலைப் பரணில் ஏற்றிவிட்டார்கள். மருமகள் பாடினால் கடைக்கு என்ன மரியாதை?

மார்கழியில் கொளஞ்சியம்மாளுக்கு வாதம் அடித்து வாயும் வலது கையும் போயின. காது மட்டும் மிச்சம்.

"பெரியாஸ்பத்திரிக்கு இட்டுகினு போலாம் மாமா."

"இந்த வயசுல அதெல்லாம் வீண் செலவும்மா."

"நானாவது போய்ப் பக்கத்துல இருக்கேனே?"

மாமியார் கனகாம்பாள் முந்திக்கொண்டாள். "ஆருத்ராவுக்கு ஒறமொறை வந்து எறங்கற நேரம். நீ கெளம்பிட்டா இங்க யாரு வடிச்சிக் கொட்றது?"

அந்த வாரத்தில்தான் வானொலியிலிருந்து தகவல் வந்தது. கல்யாணத்துக்கு முன்பு நிலையத்தில் அவள் பாடிப் பதிந்த பாட்டு இரண்டு நாள் கழித்துக் காலையில் ஒலிபரப்பாகிறது. தான் போக முடியாவிட்டால் பாட்டாவது அம்மாவிடம் போகட்டும் என்று வினோதினி பிடித்துக்கொண்டாள். மாமனாரிடம் காசு கேட்டு, சட்டைப்பையில் அடங்கும் சின்ன பிளேயர் ஒன்று வாங்கினாள். பாட்டை வீட்டு ரிசீவரில் பதிந்து அதில் ஏற்றிவிட்டால் போதும். எடுத்துப் போக, அம்மாவின் பக்கத்து வீட்டு அன்பரசு சரக்கு வண்டியோடு வாசலில் நின்றான்.

ரேடியோவும் ஸ்பீக்கரும் பதிவு வசதியும் ஒரே பெட்டியில் உள்ள அந்த ரிசீவர், மஸ்கட்டில் இருக்கும் அவள் கணவன் ராஜகணேஷ் வாங்கி வந்தது. அவள் எஃப்எம்மை வைத்து, பென் டிரைவைச் செருகி, பதிவுப் பொத்தானை அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"மாமா, எதையும் தொடாதீங்க. டிபன் வச்சிட்டு வந்துடறேன்."

"நான் ஏம்மா தொடப்போறேன்?"

அறிவிப்பாளர் பெயரைச் சொன்னார். பாட்டின் முதல் அடி முடிந்தது. சபாநாயகத்தின் போனில் மனைத் தரகர் உத்திராபதியின் குரல் செய்தி வந்து விழுந்தது. வியாபாரச் சேதியைக் காக்க வைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை; தட்டினார். ராஜகணேஷ் லீவில் வந்தபோது அப்பாவின் போனையும் ரிசீவரையும் ப்ளூடூத்தில் சேர்த்துவிட்டுப் போயிருந்தான். போனில் எது பேசினாலும் அந்தப் பெட்டி ரேடியோவை உதறிவிட்டுப் போன் பின்னால் ஓடிவிடும். பாட்டு அறுந்தது, கூடம் முழுக்கக் கேட்க உத்திராபதி, "மொதலாளி" என்றான்.

சபாநாயகம் பாய்ந்து குமிழைத் திருப்பிச் சத்தத்தை அமுக்கினார். அமுக்கியதும் எல்லாம் அடங்கியது என்று நினைத்தார். ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்து, நல்ல சேதியாக இருக்கவே, இன்னொரு தரமும் போட்டுக் கேட்டார்.

"என்ன மாமா, பாட்டு நின்னுபோச்சா?"

"அத்தைக்குத் தலைவலியாம்மா. சவுண்டைக் கொறைச்சேன்."

வினோதினி வந்து பார்த்தாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சத்தத்தைக் குறைத்தால் பதிவு குறையாது என்பது அவளுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. தெரிந்தவள் நிம்மதியானாள், தெரியாதவரும் நிம்மதியானார். வாசலில் ஹாரன் அடித்தது. பதிவை பிளேயரில் ஏற்றி, அம்மா பொத்தானோடு மல்லுக்கட்ட வேண்டாமே என்று முடிந்ததும் தானே திரும்ப ஓடும்படி வைத்து, இயர்போனோடு கொடுத்தனுப்பினாள்.

மறுநாள் அன்பரசு போன் செய்தான். "ஒம் பேரைச் சொன்னதுமே அம்மா மொகம் பூத்துப்போச்சும்மா. அப்பறம் கண்ணுல தண்ணி நிக்கவே இல்ல."

வினோதினியும் அழுதாள். கனகாம்பாள்கூட மூக்கைச் சிந்தினாள். மூன்றாம் நாள் கொளஞ்சியம்மாள் போய்ச் சேர்ந்தாள்.

கருமாதி முடிந்ததும் சபாநாயகம் கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்தார். கொளஞ்சியம்மாள் விட்டுப்போன குடிகாட்டு மனைக்கு விற்பனை ஒப்பந்தம். வினோதினி கையெழுத்துப் போட வேண்டும். கனகாம்பாளின் தம்பி பாலகுமாரும் அன்பரசும் சாட்சி, உத்திராபதி பத்திரத்தோடு. விற்கிறவர் மனசு இளகியிருக்கும்போது கையெழுத்து வாங்கிவிட வேண்டும் என்பது சபாநாயகத்தின் தொழில் பாடம்.

"அம்மா கடைசியா கேட்ட பாட்ட ஒரு தரம் போடும்மா. அவுங்க ஆத்மா குளுரட்டும்."

அன்பரசு திருப்பிக் கொண்டுவந்திருந்த பிளேயரை வினோதினி ரிசீவரில் மாட்டினாள். அறிவிப்பாளர். பெயர். முதல் அடி. கனகாம்பாள் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

"மொதலாளி, உத்திராபதி பேசறேன். குடிகாட்டு மனைக்கு சென்ட் மூணு லட்சம் பேசி முடிச்சாச்சி. கெழவி தை பொறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும்னு நீங்க சொன்னதை நம்பித்தான் அட்வான்ஸு ரெண்டு லட்சம் குடுத்திருக்காங்க. மருமவ அழுவறான்னு ஆஸ்பத்திரிக்கு கீஸ்பத்திரிக்கு அனுப்பிடாதீங்க, பொழச்சிக்கப் போவுது."

குரல் ஓய்ந்து இரண்டாம் தரம் ஆரம்பித்தது. சபாநாயகம் குமிழைத் தேடி எழுந்தார். கால் வேட்டியில் சிக்கியது.

முதலில் வாய் திறந்தவன் பாலகுமார்தான்.

"சென்ட் மூணு லட்சமா மாமா? பத்திரத்துல ரெண்டரைன்னு போட்டுருக்கு?"

"அது அப்பறம் பேசிக்கலாம் மச்சான்."

வினோதினி அவர்கள் பக்கமே திரும்பவில்லை. "அன்பரசு அண்ணே, அம்மா காதுல மாட்டுனது இதானா?"

"எங் காதுல வச்சிப் பாத்தேன், பாட்டு ஆரம்பிக்கறது கேட்டுச்சிம்மா. ஒடனே அம்மா காதுல மாட்டிட்டோம்." அன்பரசு தலை நிமிரவில்லை. "எடது கையால புடுங்கிப் புடுங்கிப் போட்டுது. கை சொன்ன பேச்சு கேக்கலன்னு நெனச்சி, நாங்கதான் மறுபடி மறுபடி மாட்டிவுட்டோம்."

வினோதினி பிளேயரைப் பிடுங்கி எடுத்தாள். பேனாவைத் தொடவில்லை.

"நான் குடிகாட்டுக்குப் போறேன். அந்த வூட்டுலதான் இருக்கப்போறேன்."

சபாநாயகத்துக்கு மானம் போனதைவிட மனை போனது உறைத்தது. "கையெழுத்துப் போடாம போனா, அட்வான்ஸை யாரு குடுக்கறது? கருமாதிக்கு நான் போட்ட நாப்பத்தாறாயிரம்?"

"எழுதுங்க மாமா. அட்வான்ஸ் நீங்க வாங்குனது, நீங்க குடுங்க. கருமாதி என் செலவு. பிளேயருக்கு ஒங்ககிட்ட வாங்குன ஆயிரத்து எரநூறும் என்னுது. வளையலை வித்து அனுப்பறேன்." அவள் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "ஆஸ்பத்திரிக்கு எவ்ளோ ஆச்சு? அதையும் எழுதுங்க."

ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்த சபாநாயகத்தின் பேனா ஆஸ்பத்திரி வரிக்கு வந்தது. பிறகு, பழகின கையல்லவா, அந்த வரியில் பூஜ்யத்தைப் போட்டுக் கீழே கோடிழுத்தது. திருப்ப வேண்டியது இரண்டு லட்சம். மருமகள் வகையில் வரவு நாற்பத்தேழாயிரத்து இருநூறு. கைவிட்டுப் போவது ஒரு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரத்து எண்ணூறு.