மேசைக் கணக்கு

என் மனைவி போன பிறகு துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர், "கல்நெஞ்சுக்காரின்னு நினைச்சிருந்தோம் சார்" என்றுதான் பேச்சை ஆரம்பித்தார்கள். எனக்கோ அந்த ஒரு வாரம்தான் நினைவுக்கு வந்தது.

அவள் பல்கலைக்கழக நூலகத்தின் தலைவி. நான் அதே கட்டடத்தில் ஆய்விதழ்ப் பிரிவில் வேலை பார்த்தேன். வீட்டிலும் ஆபீசிலும் எனக்கு ஒரே மேலதிகாரி என்று கேலி செய்யாத ஆள் கிடையாது. எல்லாம் கணினிக்குள் போவதற்கு முந்திய காலம். அந்த வருடம் மானியத்தைப் பாதியாக வெட்டிவிட்டார்கள். எந்த ஆய்விதழ்களை நிறுத்துவது என்று முடிவு செய்கிற பாவம் அவள் தலையில் விழுந்தது.

பாரபட்சம் வரக்கூடாது என்று மேசைக் கணக்கை நம்பினாள். வாசகர்கள் படித்துவிட்டு மேசையில் விட்டுப்போகும் இதழ்களை மாலையில் எண்ணிக் குறித்த பிறகுதான் அலமாரிக்கு அனுப்புவோம். 'எடுத்ததைத் திரும்ப அடுக்காதீர்கள், மேசையிலேயே வையுங்கள்' என்று சுவரெல்லாம் ஒட்டியிருந்தது. மேசைக்கே வராத இதழ், யாரும் படிக்காத இதழ். சந்தாவை நிறுத்திவிடலாம். துறைத்தலைவர்கள் வந்து கெஞ்சினார்கள், கத்தினார்கள். "மேசை என்ன சொல்லுதோ அதுதான் சார்" என்றாள் எல்லாரிடமும். வீட்டுக்கு வந்தால் தட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருப்பாள்.

பட்டியல் நிதி அலுவலகத்துக்குப் போன மறுநாள் கிழங்கு வாத்தியார் வந்தார். கிழங்கை அழுகவைக்கும் நோய் ஒன்றைப் பல வருடமாக ஆராய்ந்ததால் மாணவர்கள் வைத்த பெயர். போனில் அவரே, "கிழங்கு பேசறேன்" என்பார். அன்று சிரிப்பில்லை.

"என் இதழை நிறுத்திட்டீங்களாமே அம்மா?"

"அதை யாருமே தொடலையே சார். மேசைக்கு வந்ததே இல்ல."

"நான் தினம் படிக்கிறேனே! அலமாரிகிட்டயே நின்னு படிச்சிட்டு, எடுத்த இடத்துல வச்சிடுவேன்."

"சுவத்துல எழுதி ஒட்டியிருக்கே சார்!"

"அது பசங்களுக்குன்னு நினைச்சேன். கண்ட இடத்துல சொருகிடுவாங்கல்ல? உங்க ஆளுங்களுக்கு நான் வேற எதுக்கு வேலை வைக்கணும்னு..." அவள் மேசைப் பக்கம் குனிந்தார். "நோய் விதைக்கிழங்கு வரைக்கும் வந்திருச்சும்மா. இந்த இதழ் வேற எங்கயும் வர்றதில்ல. நான் எதை வச்சு வேலை செய்வேன்?"

அவள் எழுந்து நேரே அலமாரிக்குப் போனாள். நிறுத்தப் போகிற இதழ்களின் மேல் விரலை இழுத்துப் பார்த்தாள். விரல் கறுத்தது. கிழங்கு வாத்தியாரின் வரிசையில் மட்டும் தூசி ஒட்டவில்லை. என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். அப்படியே என்னை இழுத்துக்கொண்டு நிதி அலுவலரிடம் ஓடினாள்.

"இந்த வாரம் எத்தனை பேர் வந்து 'நான் தினம் படிக்கிறேன்'னு சத்தியம் பண்ணாங்க தெரியுமா மேடம்? மேசைதான் பொய் சொல்லாதுன்னு எழுதிக் கொடுத்ததே நீங்கதானே?"

"தூசியும் பொய் சொல்லாது சார். வந்து தொட்டுப் பாருங்க."

அவர் சிரித்துவிட்டார். ஆனாலும் இரங்கினார். "காலையில வர்றேன். சந்தாவை நிறுத்தற கடிதங்கள் மத்தியானம் தபாலுக்குப் போயிடும். அதுக்கப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

கிளம்பும்போது ஊழியர்களிடம், "நாளைக்கு நிதி அலுவலர் நம்ம அலமாரியைப் பாக்க வர்றார்" என்று சொல்லிவிட்டு வந்தாள். வீட்டில் ரசத்துக்கு உப்புப் போதவில்லை என்று என்னைத் திட்டினாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

காலையில் படியேறும்போதே பினாயில் வாசனை. தரை ஈரம். அலமாரிகளைக் கவனித்துக்கொள்கிற பெரியவர், நாங்கள் மேஸ்திரி என்று கூப்பிடுகிறவர், தோளில் துணியோடு நின்றிருந்தார்.

"ஆபீசர் வர்றார்னு சொன்னீங்களேம்மா! ஆள் எல்லாரும் சீக்கிரமே வந்து ஒரு தட்டு விடாம தொடச்சிட்டோம். உங்க பேர் கெட விட்டுருவோமா?"

அவள் அலமாரியின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "ரொம்ப நல்லா இருக்கு மேஸ்திரி" என்றாள்.

நிதி அலுவலர் கிழங்கு வரிசையைத் தொட்டார். பக்கத்து வரிசையைத் தொட்டார். இரண்டு விரலையும் எங்களிடம் காட்டினார்.

"நேத்து வரைக்கும் இருந்துச்சு சார். நீங்க வர்றீங்கன்னு தொடச்சிட்டாங்க. இவரைக் கேளுங்க, தொட்டுப் பாத்தார்."

"சாட்சி உங்க வீட்டுக்காரரா மேடம்?"

அவர் குத்திச் சொல்லவில்லை. வேறென்ன சொல்வார்? "நூலகத்தைச் சுத்தமா வச்சிருக்கீங்க" என்று பாராட்டிவிட்டு இறங்கினார். அவள் படிகளில் பின்னாலேயே ஓடினாள். "என் சம்பளத்துல பிடிச்சுக்கங்க சார்!" "அதுக்கு விதி இல்ல மேடம்" என்ற குரல் கீழேயிருந்து வந்தது. மத்தியானம் தபால் போய்விட்டது.

சந்தாவின் கடைசி இதழ் வந்த அன்று கிழங்கு வாத்தியாரும் வந்தார். முதல்முறையாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முன்னட்டையிலிருந்து பின்னட்டை வரை படித்தார். போகும்போது இதழை மேசை நடுவில் வைத்துவிட்டு, அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

மாலையில் அதை எடுக்க வந்த மேஸ்திரியை அவள் தடுத்தாள். கணக்குத்தாளில் அந்த இதழுக்கு நேரே தன் கையாலேயே ஒன்று என்று ஒரு கோடு போட்டாள்.

"இனிமே எதுக்கும்மா?" என்றேன். பேனாவை மூடிவைத்தாள். விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டினோம். இதழ் மேசையிலேயே கிடந்தது.