இரண்டு கூட்டத்தில் ஒரே கேள்வி

அந்த வருடம் மிளகுக்கு நல்ல விலை கிடைத்தது. கையில் மிஞ்சிய பணத்தை ஃபைனான்ஸ் கம்பெனிப் பங்கில் போடலாம் என்று பூபதிக்கு யோசனை சொன்னவன் அவன் மனைவி கோகிலவாணியின் அண்ணன் ரமேஷ்குமார். ராசிபுரத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான்.

"தென்கதிர் ஃபைனான்ஸ்ல போடுங்க மாப்பிள்ளை. நூறு ரூவா பங்குக்கு வருசம் எட்டு ரூவா டிவிடெண்ட். நானே வெச்சிருக்கேன்" என்றான்.

பூபதிக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. மறுநாளே கொல்லிமலை வாழவந்தி நாட்டில் பாதிப் பேரிடம் சொல்லியும்விட்டான். கோகிலவாணிதான் பிடி கொடுக்கவில்லை. அவள் கல்யாணத்துக்கு முன் பி.காம். முடித்தவள். தென்கதிரின் ஆண்டறிக்கையையும், நிலைமதி என்ற இன்னொரு ஃபைனான்ஸ் கம்பெனியின் அறிக்கையையும் செல்போனில் இறக்கி, மரவள்ளிக்கிழங்கு வேகும் நேரத்திலெல்லாம் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, தென்கதிர்ல எட்டு ரூவா தர்றாங்க, சரி. ஒரு பங்குக்கு அவங்க சம்பாதிக்கிறதே ஒம்போதுதான். போன வருசம் பன்னெண்டு. லாபம் எறங்குது, வராக்கடன் ஏறுது, டிவிடெண்டை மட்டும் எப்படிங்க கூட்டியிருக்காங்க?"

"அப்ப நிலைமதியில போட்டுரலாமா?"

"அவங்க பதினாலு சம்பாதிச்சு மூணுதான் தர்றாங்க. அங்கயும் வராக்கடன் கூடித்தான் இருக்குது. கெட்டிக்காரத்தனமா, கஞ்சத்தனமான்னு அறிக்கையில தெரியலீங்க."

"பின்ன யாரைப் போய்க் கேக்கறது?"

"கம்பெனிக்காரங்களைத்தான்."

பூபதி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. இரண்டு கம்பெனியிலும் ஒவ்வொரு பங்கு வாங்கினாள். ஒரு பங்கு இருந்தாலும் பங்குதாரர்தான். வருடாந்திரக் கூட்டத்தில் பேசலாம். இப்போதெல்லாம் கூட்டமே செல்போனில் நடக்கிறது, முன்கூட்டியே எழுதிப் பேர் கொடுத்தால் போதும் என்று விளக்கினாள். பேரும் கொடுத்துவிட்டாள்.

முதலில் வந்தது தென்கதிர் கூட்டம். வீட்டில் சிக்னல் நிற்காது. மிளகுத் தோட்டத்துக்கு மேலே, ரோடு வளைகிற இடத்தில்தான் நன்றாகக் கிடைக்கும். கோகிலவாணி அங்கே தடுப்புச் சுவரில் உட்கார்ந்துகொண்டாள். தூறல் போட்டது. பூபதி குடை பிடித்து நின்றான். ஸ்பீக்கரில் போட்ட செல்போனில் பேசியவர்கள் வரிசையாகத் தலைவரைப் புகழ்ந்தார்கள். பிறகு ஒரு பெண் குரல், "அடுத்து, கொல்லிமலையிலிருந்து திருமதி கோகிலவாணி" என்றது.

தன் மலையின் பேரை அந்தக் கூட்டத்தில் கேட்டதும் பூபதிக்கு உடம்பு சிலிர்த்தது. அதே நேரம் கீழ் வளைவில் பஸ் ஏறி வரும் சத்தம். இந்த இடத்தில் டிரைவர் அர்த்தனாரி ஹாரனை அமுக்காமல் திரும்பியதே கிடையாது. குடையை மனைவியின் தோளில் சாய்த்துவிட்டு ஓடி, ரோட்டின் நடுவே கையை விரித்து நின்றான்.

"என்ன பூபதி, யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையா?"

"இல்லீங்க. எங்கூட்டுக்காரி மெட்ராஸ் கம்பெனிக் கூட்டத்துல பேசிக்கிட்டு இருக்குது. ஹாரன் மட்டும் அடிச்சிராதீங்க."

அர்த்தனாரி இன்ஜினையே நிறுத்திவிட்டார். பஸ்ஸுக்குள்ளும் பேச்சு அடங்கியது. ஜன்னல் வழியே நீண்ட தலைகளுக்கெல்லாம் கோகிலவாணியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"ஐயா, வணக்கமுங்க. லாபம் கொறைஞ்ச வருசத்துல டிவிடெண்ட்டைக் கூட்டியிருக்கீங்க. வராக்கடனும் கூடியிருக்குது. கடன் திரும்பி வராட்டி அதைத் தாங்கறதுக்கு என்ன ஒதுக்கி வெச்சிருக்கீங்க?"

தலைவர், மலையிலிருந்து ஒரு சகோதரி கலந்துகொண்டதில் மகிழ்ச்சி என்றார். கம்பெனியின் எதிர்காலம் பிரகாசமானது என்றார். விவரம் மின்னஞ்சலில் வரும் என்றவர், அடுத்தவரை அழைக்கச் சொல்லிவிட்டார்.

"கேட்டது ஒண்ணு, சொன்னது ஒண்ணா இருக்குதே!" என்று பஸ்ஸுக்குள்ளிருந்து ஊர்க்காரி அத்தாயி சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அர்த்தனாரி மெல்ல வண்டியை எடுத்தார். வளைவைத் தாண்டிய பிறகுதான் ஹாரன் அடித்தார்.

மின்னஞ்சல் வரவேயில்லை.

நிலைமதி கூட்டம் அடுத்த வாரம். அதே சுவர், அதே கேள்வி. "கூடவே, இவ்வளவு கொறைச்சு ஏனுங்க தர்றீங்க?" என்றும் கேட்டாள். அந்தத் தலைவர் நேராகவே பதில் சொன்னார்.

"லாரிக் கடன்ல தப்புப் பண்ணிட்டோம்மா. விசாரிக்காமக் கொடுத்தோம். அதுல பாதி திரும்பாதுன்னு வெச்சுத்தான் லாபத்தை ஒதுக்கியிருக்கோம். அடுத்த வருஷமாவது டிவிடெண்ட் கூடும்னு என்னால சொல்ல முடியாது." ஒதுக்கிய தொகையையும் சொன்னார். அது ஆண்டறிக்கையில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதையும் சொன்னார்.

கோகிலவாணி அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். சரியாக இருந்தது.

"தப்புன்னு வாய்விட்டுச் சொல்றாரு. இவங்களை நம்பலாமுங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் ரமேஷ்குமார் கூப்பிட்டான். தென்கதிர் பங்குதாரன் என்பதால் போன வாரக் கூட்டத்தை அவனும் கடையில் வைத்துப் பார்த்திருந்தான். "மாப்பிள்ளை, அந்த மெயிலு வருதான்னு இத்தனை நாளா பாத்தேன். இன்னைக்கு அதே கேள்வியை நானே அவங்களுக்கு எழுதிப்போட்டேன். வருசா வருசம் டிவிடெண்ட் வாங்கறேன், கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்லை. பாப்பா பேசினப்பக் கடையில இருந்தவங்ககிட்டயெல்லாம் என் தங்கச்சின்னு காட்டினேன்" என்றான்.

பணம் நிலைமதிக்குப் போனது. ஒரு பங்கு இருந்தபோது இல்லாத கவலை, நூறு பங்கு ஆனதும் பூபதிக்கு வந்தது. காலையில் எழுந்ததும் விலை பார்த்தான். மறு மாதமே விலை கொஞ்சம் இறங்கியது. டீக்கடையில் சின்னக்கண்ணு சீண்டினார்.

"எட்டு ரூவா கம்பெனின்னு சொல்லிட்டு மூணு ரூவா கம்பெனியில போட்டியாமே? அதுவும் எறங்கிப்போச்சாமே?"

"எறங்கட்டுமுங்க, ஏறட்டுமுங்க" என்றான் பூபதி. "நான் காதுல கேட்டதை நம்பிப் போட இருந்தேன். எங்கூட்டுக்காரி ரெண்டு கம்பெனியையும் நிக்க வெச்சுக் கேள்வி கேட்டுதுங்க. ஒருத்தர் பதில் சொன்னாரு. அவருகிட்டப் போட்டிருக்கோம்."

சொல்லிவிட்டு இன்னொரு டீ சொன்னான், சின்னக்கண்ணுவுக்கும் சேர்த்து.